பசு உண்ட கொழுப்பும் பால் தந்த கொழுப்பும்: ஒரு வினாவின் வரலாறு

முன்னுரை

2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கனடாவின் நாளிதழ்களிலும் வானொலியிலும் வெண்ணெய் பெருஞ்செய்தியாயிற்று. அடுக்களை மேடையில் எடுத்து வைத்த வெண்ணெய் முன்போல் இளகவில்லை, ரொட்டியில் தடவ வரவில்லை என்று மக்கள் முறையிட்டனர். கறவைப் பசுக்களின் தீவனத்தில் செம்பனைக் கொழுப்புச் சேர்க்கப்படுவதே காரணம் என்ற கருத்து விரைந்து பரவியது. அம்மாதம் 25ஆம் நாள், பால் உற்பத்தியாளர்களின் தேசிய அமைப்பான டெய்ரி ஃபார்மர்ஸ் ஆஃப் கனடா, செம்பனைப் பொருள்களுக்கு மாற்று நாடுமாறு தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது.

பசு உண்ணும் கொழுப்பு அதன் பாலுக்கு என்ன செய்கிறது என்னும் வினா அந்த ஆண்டில் பிறந்ததன்று. அறிவியலாளரிடையே அது ஏறத்தாழ 180 ஆண்டுகளாக வழங்கி வருகிறது. காலந்தோறும் அதற்கு விடைகள் மாறின. விடைகளோடு வினாவின் நோக்கமும் மாறியது. பால்கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்டனர். அதை மிகுவிப்பது எங்ஙனம் என்று பின்னர்க் கேட்டனர். அது எத்தகைய கொழுப்பு என்று இன்று கேட்கின்றனர். இம்மாற்றத்தைத் தொடர்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்நடை ஊட்டவியலுக்குத் தமிழாய்வு மாநாட்டில் என்ன இடம் என்று பேராளர்கள் வினவுதல் இயல்பே. நான் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பிரித்தானியாவில் ஊட்டவியலில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவில் ஆசிரியப் பணியாற்றியவன். வெண்ணெய்ச் சர்ச்சை எழுந்தபோது அக்கதையின் இரு முனைகளும் எனக்கு அறிமுகமானவையாக இருந்தன. செம்பனைத் தோட்டத்தில் உழைத்தோரும் அதன் எச்சத்தைத் தின்ற பசுவும் ஒரே வரலாற்றைச் சார்ந்தவர்கள் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி எடுத்துரைக்கும்.

1. வேதியியலாரின் வழக்கு

1840களின் தொடக்கத்தில் ஐரோப்பிய வேதியியலார் இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். செருமானியரான லீபிக், விலங்குகள் மாவுப்பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தம் உடலிலேயே கொழுப்பை ஆக்கிக்கொள்கின்றன என்று 1842இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பிரெஞ்சுக்காரரான துமா இதனை மறுத்தார். தாவரமே படைக்கிறது, விலங்கு அதை எடுத்துச் சேமிக்கவோ எரிக்கவோ செய்கிறது என்பது அவர் கொள்கை. துமா, பூசன்கோ, பாயன் ஆகிய மூவரும் கால்நடை கொழுப்பதையும் பால் உருவாவதையும் பற்றி 1843இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்கள் கருத்துப்படி பசு ஒரு வடிகட்டி மட்டுமே. புல்லில் உள்ள கொழுப்பு அதன் உடல் வழியே பாலுக்கு வந்து சேர்கிறது.

இவர்களுள் பூசன்கோ ஆய்வுக்கூடத்தோடு நின்றவர் அல்லர். அல்சாஸ் பகுதியில் பெக்கெல்ப்ரான் என்ற ஊரில் பண்ணை நடத்தியவர். பசு தின்றதையும் சாணத்தையும் பாலையும் நிறுத்துக் கணக்கிட்டவர். வாத்தையும் பன்றியையும் கொண்டு தாமே நடத்திய சோதனைகளின் பயனாக 1845 அளவில் அவர் தம் பழைய நிலையைத் தளர்த்திக்கொண்டார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாஸ், கில்பர்ட் இருவரும் 1850களில் பன்றிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் லீபிக்கின் பக்கத்தை வலுப்படுத்தின.

கறவைப் பசுவைப் பொறுத்தவரை உறுதியான சான்று 1897இல்தான் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகர வேளாண் ஆய்வு நிலையத்தில் ஜார்டன், ஜென்டர் என்னும் இருவர், கொழுப்பைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிட்ட உலர்புல்லையும் தானியத்தையும் ஒரு பசுவுக்கு 95 நாள்கள் ஊட்டினர். அக்காலத்தில் அப்பசு தந்த பால்கொழுப்பு 62.9 பவுண்டு. தீவனத்தில் இருந்த கொழுப்பு 11.6 பவுண்டு, அதில் செரித்தது 5.7 பவுண்டு மட்டுமே. எஞ்சிய 57.2 பவுண்டு வேறு மூலத்திலிருந்து வந்திருத்தல் வேண்டும். உடற்கொழுப்பு கரைந்து பாலாயிற்று என்று சொல்லவும் இடமில்லை; சோதனையின் முடிவில் பசு முன்னிலும் கொழுத்திருந்தது. பசு வடிகட்டி என்னும் கொள்கை அத்துடன் வீழ்ந்தது.

2. விலையான கொழுப்பு

இந்த வழக்கு வேதியியல் ஏடுகளோடு முடிந்திருக்கலாம். முடியாமற்போனதற்குக் காரணம், இதற்கிடையில் பால்கொழுப்புக்கு விலை வந்துவிட்டமை. 1890இல் விஸ்கான்சின் வேளாண் ஆய்வு நிலையத்தின் பாப்காக், கந்தக அமிலத்தையும் சுழற்பொறியையும் கொண்டு பாலின் கொழுப்பைச் சில நிமிடங்களில் அளக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. ஆதலால் அது நாடெங்கும் எளிதில் பரவியது. அதுவரை எடைக்கோ அளவுக்கோ விற்ற பால், அதன்பின் கொழுப்பின் விழுக்காட்டுக்கு விற்கலாயிற்று. தண்ணீர் கலந்தவனும் கலவாதவனும் ஒரே விலை பெற்ற காலம் முடிந்தது.

பாலில் கொழுப்பு விழுக்காடு ஏறினால் வருவாய் ஏறும் என்றானபின், தீவனத்தில் கொழுப்பைச் சேர்த்து அதை ஏற்ற முடியுமா என்பது உழவரின் வினாவாயிற்று. பல நாடுகளில் பல எண்ணெய்களை ஊட்டிப் பார்த்தனர். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. சில கொழுப்புகள் சிறிது ஏற்றின, சில ஏதும் செய்யவில்லை, சில குறைத்தன.

குறைத்தவற்றுள் பெயர் பெற்றது மீன்எண்ணெய். உயிர்ச்சத்துகள் புதிதாக அறியப்பட்டுவந்த 1920களில், காட் மீனின் ஈரல் எண்ணெயைப் பசுவுக்கு ஊட்டினால் பாலில் உயிர்ச்சத்து பெருகுமென இங்கிலாந்தில் எதிர்பார்த்தனர். கோல்டிங், சோம்ஸ், சில்வா மூவரும் 1926இல் வெளியிட்ட ஆய்வு அந்த எதிர்பார்ப்பை மெய்ப்பித்தது. ஆனால் அதே பாலில் கொழுப்பு குறைந்திருந்தது. கொழுப்பைத் தின்ற பசுவின் பாலில் கொழுப்பு குறைவானேன்? இந்தப் புதிர் விளங்கத் தொடங்க மேலும் கால்நூற்றாண்டு ஆயிற்று.

3. பெருவயிற்றின் வேலை

விடை பசுவின் வயிற்றில் இருந்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலாவதும் பெரியதுமாகிய பெருவயிற்றில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பசு தின்பதை முதலில் உண்பவை அவையே. அவை ஆக்கித் தருவதையே பசு பெரும்பாலும் உண்கிறது.

பசும்புல்லின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களால் ஆனது; இயல்பில் இளகியது. பசுவின் உடற்கொழுப்போ கெட்டியானது. இந்த முரணுக்கு 1951இல் விடை வந்தது. ஆட்டின் பெருவயிற்று நீரில் எண்ணெயை ஊறவைத்த ரெய்சர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், அங்குள்ள நுண்ணுயிர்கள் நிறைவுறா அமிலங்களுக்கு ஹைட்ரஜன் ஏற்றி நிறைவுற்றவையாக மாற்றுவதைக் கண்டறிந்தார். நிறைவுறா அமிலங்கள் அந்நுண்ணுயிர்களுக்கு நஞ்சாதலின், இது அவற்றின் தற்காப்பு எனலாம்.

அதே 1951இல் இங்கிலாந்தில் பொப்யாக், ஃபிரெஞ்ச், ஃபாலி ஆகியோர் கதிரியக்கக் கரியால் குறியிட்ட அசிட்டேட்டைக் கறவை ஆட்டுக்குச் செலுத்தி, அது பால்கொழுப்பில் சேர்வதை நிறுவினர். நார்ப்பொருள் பெருவயிற்றில் நொதிக்கும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது; மடி அதைக் கொண்டு குறுகிய, நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களை நெய்கிறது. நீண்ட அமிலங்கள் குருதி வழியே தீவனத்திலிருந்தும் உடற்கொழுப்பிலிருந்தும் வருகின்றன. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்று கொள்ளலாம். லீபிக்கும் துமாவும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு வழக்காடினர் என்பது நூறாண்டு கழித்துத் தெளிவாயிற்று.

புதிரின் எஞ்சிய பகுதி அவிழ்ந்தது 2000ஆம் ஆண்டில். நிறைவுறா எண்ணெய் மிகுந்தும் நார் குறைந்தும் உள்ள தீவனத்தில் ஹைட்ரஜனேற்றம் வழக்கமான பாதையிலிருந்து விலகுகிறது. புதிய இடைப்பொருள்கள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றான டிரான்ஸ்-10 சிஸ்-12 இணை லினோலியிக் அமிலத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாமன் குழுவினர், பெருவயிற்றைத் தவிர்த்து நேரே நான்காம் அறைக்குச் செலுத்தினர். நாளொன்றுக்கு வெறும் 10 கிராம், நான்கு நாள்கள். பால்கொழுப்பு 40 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. மடியில் கொழுப்பு ஆக்கும் வேலையையே அப்பொருள் தடுத்துவிடுகிறது. தின்ற கொழுப்பு பாலின் கொழுப்பைக் குறைப்பது இவ்வாறே.

உலர்நிலை எடையில் தீவனத்தின் மொத்தக் கொழுப்பு 6, 7 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று ஊட்டவியலார் எச்சரிப்பதும் இதனால்தான். தாண்டினால் நார் செரிப்பது குறையும், பசு தின்பதும் குறையும், பாலும் கெடும்.

4. பருத்தி வட்டாரத்து நெய்

மேலைநாட்டு ஆய்வகங்கள் இவ்வாறு கண்டதன் ஒரு பகுதியை இந்தியாவின் உணவுச் சட்டம் வேறு வழியில் முன்னமே ஏற்றிருந்தது. நெய்யில் கலப்படம் காண, அதன் குறுகிய கொழுப்பு அமிலங்களை அளக்கும் ரெய்கெர்ட்–மெய்சில் எண் பயன்பட்டது. பிற கொழுப்பு கலந்தால் இவ்வெண் இறங்கும். ஆனால் பருத்திக்கொட்டையை மிகுதியாகத் தீவனமாக்கும் வட்டாரங்களில், கலப்படமே இல்லாத நெய்யிலும் இவ்வெண் தாழ்ந்திருந்தது. 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் அத்தகைய பருத்தி வட்டாரங்களுக்கெனத் தனி வரம்பு வகுத்தன. வேறு பல பகுதிகளில் 28 என்றிருந்த குறைந்த அளவு, அங்கே 21 ஆயிற்று.

காரணம் முற்பகுதியில் கூறியதே. பருத்திக்கொட்டையின் எண்ணெய் நீண்ட அமிலங்களை மடிக்கு மிகுதியாகக் கொண்டுவருகிறது. மடி தானே நெய்யும் குறுகிய அமிலங்களின் பங்கு குறைகிறது. விதிகள் இவ்வேறுபாட்டை ஏற்காதிருந்திருப்பின், நேர்மையான பால்காரர் கலப்படக்காரர் எனத் தண்டிக்கப்பட்டிருப்பார். தீவனத்தை அறியாமல் பாலுக்குத் தீர்ப்பு வழங்க இயலாது என்பதற்கு இது சிறந்த சான்று.

தமிழகச் சிற்றூர்களில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைப்பது நெடுநாள் வழக்கம். கொட்டையின் எண்ணெய் விதைக்குள்ளேயே பொதிந்திருப்பதால் பெருவயிற்றில் மெல்ல மெல்லவே வெளிப்படுகிறது. அரைத்து வைக்கும்போது அது சற்று விரைந்து வெளிப்படும். ஆயினும் ஒரு கறவைக்கு வைக்கும் அளவு சிறிதாதலால் தீங்கு நேர்வதில்லை. செக்கில் ஆட்டிய பிண்ணாக்கும் இவ்வாறே கணிசமான எண்ணெயைத் தன்னுள் வைத்திருந்தது. கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுக்கும் ஆலைகள் வந்தபின், பிண்ணாக்கில் எஞ்சியது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. மாட்டின் தொட்டியிலிருந்து இவ்வாறு ஆலைக்குப் போன எண்ணெயைத்தான், பின்னர்த் தனிப்பொருளாக விலை கொடுத்து வாங்கித் தீவனத்தில் சேர்க்கும் நிலை வந்தது.

5. செம்பனையின் எச்சம்

கொழுப்பு பெருவயிற்றைக் கெடுக்கிறது என்றால், பெருவயிறு தொடாத கொழுப்பை ஊட்டினால் என்ன? 1970இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனத்தில் ஸ்காட் குழுவினர், எண்ணெய்த் துளிகளைப் பால்புரத உறையிட்டு ஃபார்மலின் கொண்டு பதப்படுத்தி ஊட்டினர். நிறைவுறாக் கொழுப்பு மிக்க பால் கிடைத்தது. ஆனால் அது எளிதில் காற்றேறிக் காறல் சுவை அடைந்தது. 1980களில் ஓஹையோவில் பாம்குவிஸ்ட், ஜென்கின்ஸ் இருவரும் வேறு வழி கண்டனர். கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்தோடு சேர்த்துச் சோப்பாக்கினால், அது பெருவயிற்றில் கரைவதில்லை. அமிலம் மிக்க நான்காம் அறையை அடைந்ததும் பிரிந்து செரிமானத்துக்கு வருகிறது. இந்தியப் பண்ணைகளில் இன்று பைபாஸ் கொழுப்பு என வழங்குவதும் பெரும்பாலும் இதுவே.

இச்சோப்புக்கு மலிவான மூலப்பொருள் ஒன்று உலகச் சந்தையில் அப்போது குவிந்துகொண்டிருந்தது. செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கையில் நீராவியோடு பிரியும் கொழுப்பு அமில வடிபொருள் அது. அதில் பாதிக்கு அண்மையில் பால்மிட்டிக் அமிலம். அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். 63 பாகை செல்சியசில் உருகும். பின்னர், பால்மிட்டிக் அமிலம் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பொருள்களும் சந்தைக்கு வந்தன. இவை நிறைவுற்றவையாதலின் நுண்ணுயிர்களை வருத்துவதில்லை, பால்கொழுப்பையும் உயர்த்துகின்றன.

மலாயாவில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் பிரெஞ்சுக்காரரான ஃபொகோனியேயால் உண்டாக்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம். அப்பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. 1960களிலிருந்து பால்மரம் அழித்துச் செம்பனை நடுவது பெருகியது. 1970களில் சுத்திகரிப்பு ஆலைகள் நாட்டிற்குள்ளேயே பல்கின. இத்தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை வெட்டியவர்களும் உதிரிப்பழம் பொறுக்கியவர்களும் பெருமளவில் தமிழர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, குடியிருப்பை இழந்து நகரப் புறம்போக்குகளுக்குப் பெயர்ந்தவர்களும் அவர்களே.

அத்தொழிலாளர் பலர் மாடு வளர்த்தனர். மலேசியக் கால்நடைத் துறையினர் உள்ளூர் இந்தியக் கறவை என வகைப்படுத்தும் மாடுகள், இந்தியாவிலிருந்து குடியேறியோரோடு வந்தவற்றின் வழித்தோன்றல்கள். என் தாயார் விடியலில் பால்மரம் சீவப் போகுமுன் தேங்காய்ப் பிண்ணாக்கை ஊறவைத்துவிட்டுச் செல்வார். மாட்டுக்கு எவ்வளவு வைப்பது என்று கேட்டால், சாணத்தைப் பார்த்துச் சொல்வார். கழிச்சல் கண்டால் பிண்ணாக்கைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவார். கொழுப்பு மிகுந்தால் நார் செரியாது என்று பல்கலைக்கழகத்தில் நான் கற்றபோது, அவர் செய்ததன் பெயரைத்தான் கற்றேன்.

6. வெண்ணெய்ச் சர்ச்சையின் பாடம்

கனடாவில் பால் உற்பத்தி பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. ஒவ்வொரு பண்ணையின் பங்கும் நாளொன்றுக்கு இத்தனை கிலோ பால்கொழுப்பு என்றே வரையறுக்கப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் வீட்டிலேயே சமைக்கத் தொடங்கியதும் வெண்ணெயின் தேவை ஏறியது. புதிய பசுவை வாங்காமல் கொழுப்பைக் கூட்ட, செம்பனைப் பொருள் கைக்கு எட்டிய வழி. அது சட்டம் அனுமதித்த தீவனம். அதை ஊட்டிய உழவர் விதி எதையும் மீறவில்லை. பாப்காக்கின் சோதனை 1890இல் தொடங்கிவைத்த கணக்கின் நேர்விளைவே இது: எதற்கு விலையோ அதுவே விளையும்.

செம்பனையா வெண்ணெயை இறுக்கியது? பால்மிட்டிக் அமிலத்தை ஊட்டினால் பால்கொழுப்பில் அதன் பங்கு ஏறும். அது ஏறினால் வெண்ணெய் இறுகும் போக்குடையது. இவ்வளவு உறுதி. ஆயின் உலர்தீவனம் தின்னும் குளிர்காலப் பசுவின் வெண்ணெய் மேய்ச்சற்காலத்து வெண்ணெயைவிட எப்போதுமே கெட்டி. பாலேட்டைக் குளிர்விக்கும் முறையும் கடையும் முறையும் இறுக்கத்தை மாற்றும். அடுக்களையின் வெப்பமும் எல்லா வீட்டிலும் ஒன்றன்று. ஆகவே ஒரே குற்றவாளியை நிறுத்தித் தீர்ப்பளித்த செய்திகள், பசுவை வடிகட்டியாகக் கருதிய துமாவின் பிழையையே திரும்பச் செய்தன. ஊட்டுவதற்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை என்று மறுப்பதோ, பருத்தி வட்டாரத்து நெய்யை மறப்பதாகும்.

நியூசிலாந்து இச்சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டது. அந்நாடு செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கைப் பெருமளவில் இறக்குமதி செய்கிறது. அங்குள்ள ஃபொன்டெரா கூட்டுறவு நிறுவனம், பாலின் கொழுப்பு அமிலச் சேர்க்கையையே அளந்து தரப்படுத்தும் குறியீடு ஒன்றை 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரம்பு மீறிய பாலுக்குத் தண்டப்புள்ளி. கொழுப்பின் அளவுக்கு மட்டும் விலை தந்த நூற்றாண்டு வழக்கம், கொழுப்பின் தன்மையையும் கேட்கத் தொடங்கியதற்கு இஃது ஓர் அறிகுறி.

நிறைவுரை

இவ்வரலாறு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, பசு உண்ட கொழுப்பும் பால் தந்த கொழுப்பும் ஒன்றல்ல, தொடர்பற்றவையும் அல்ல. இடையில் பெருவயிறும் மடியும் நின்று இரண்டையும் மாற்றுகின்றன. கொழுப்பின் வகை, அளவு, உடன் ஊட்டும் நார் ஆகிய மூன்றையும் கூறாமல் தீவனக் கொழுப்பு நல்லதா தீயதா என்று கேட்பது பயனற்றது.

இரண்டாவது, தமிழாய்வைச் சார்ந்தது. மலாயாத் தோட்டத் தமிழர் பற்றிய நம் ஆய்வுகள் கங்காணி முறையையும் கூலியையும் பாடல்களையும் பள்ளிகளையும் விரிவாகப் பதிந்துள்ளன. அவை பெரும்பாலும் தோட்டத்து எல்லையோடு நின்றுவிடுகின்றன. அங்கு விளைந்த பொருளோ எல்லை கடந்து, ஆலையிலும் கப்பலிலும் ஏறி, பனி நாட்டுப் பசுவின் தீவனமாகி, தமிழர் உட்படப் பலர் வாழும் டொராண்டோ நகரத்து உணவு மேசைக்கு வருகிறது. பொருளைத் தொடர்ந்து செல்லும் வரலாறு நமக்கு வேண்டும்.

அதனோடு, தோட்டங்களில் மாடு வளர்த்தவர்களின் தீவன அறிவையும் பதிவு செய்தல் வேண்டும். எந்தப் பிண்ணாக்கை எவ்வளவு ஊறவைத்தனர், எதற்குப்பின் பால் கெட்டியாயிற்று, எதைக் கண்டு எதைக் குறைத்தனர் என்பவை எந்த ஆய்வு நிலையத்தின் ஏட்டிலும் இல்லை. அவற்றை அறிந்த பெண்களுள் பலர் இன்று 80 வயதைக் கடந்துவிட்டனர். என் தாயாரிடம் நான் கேட்டுக் குறித்துக்கொண்டது ஒன்றரைப் பக்கம் மட்டுமே. மலேசியப் பல்கலைக்கழகங்களின் இளம் ஆய்வாளர்கள் இப்பணியை இந்த மாநாட்டுக்குப்பின் தொடங்குவார்களாயின், அடுத்த மாநாட்டில் இதனினும் நிறைவான கட்டுரை ஒன்று படிக்கப்பெறும்.